ராக்கெட்டின் கட்டைவிரல்

வருங்காலத்தை ராக்கெட் அண்ணனைவிட அழகாக வரைந்தவர் பினாங்கில் யாருமில்லை. அதில் வாழ்கிறவர்களை அவரைவிட மோசமாகப் பேசவைத்தவரும் யாருமில்லை. பிறகு நான் வந்தேன்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை. இயந்திர வரைபடம் போடுவது அவர் வேலை. பக்கத்து மேசையில் அறிக்கை எழுதுவது என் வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே தெரியும். பதினான்கு வருடமாக ஒரே சித்திரக்கதையை வரைந்துகொண்டிருந்தார்: நம் அப்பாக்கள் சின்ன வயதில் கனவு கண்டிருக்கக்கூடிய வருங்கால ஜார்ஜ்டவுன். பழைய ரேடியோப் பெட்டி போன்ற கட்டடங்களுக்கு நடுவே, புகைபோக்கி வைத்த டிரைஷா சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பறக்கும். தைப்பூச வெள்ளி ரதம் நீராவியில் மிதந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற, கீழே உடைபடும் தேங்காய்கள் விண்மீன்களாகச் சிதறும். அந்தப் பக்கத்தைப் பார்த்து டீயை ஆறவிட்டேன். நான் டீயை ஆறவிடுகிற ஆள் இல்லை.

பிறகு வசனத்தைப் படித்தேன். மாடியிலிருந்து விழும் கதாநாயகன், தரையைத் தொடுமுன் கட்டட அனுமதி பற்றி ஆறு வரி பேசுகிறான். காதலைச் சொல்லவேண்டிய இடத்தில் "சரி" என்கிறான்.

"அண்ணே, விழுறவன் இவ்ளோ பேசுவானா?"

"பலூன் பெருசு லா, தம்பி. காலியா விட்டா படம் ஒரு பக்கமா சாயும்."

"அப்ப காதலுக்கு?"

"அங்க எடம் இல்ல. அவ கொண்டை பெருசு."

படத்துக்குப் பொருத்தமாகப் பேச்சு பலூன்களை முதலில் வரைவார். அப்புறம் அவை நிரம்பும்வரை வசனம் எழுதுவார்.

"புத்தகமா போடணும். வசனத்த மட்டும் நீ பாரு," என்றார். வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற திமிரில் ஒப்புக்கொண்டேன். அட்டையில் என் பெயரையும் கேட்டு வாங்கினேன். ஆனால் ஒரு பலூனின் அளவைக்கூட அவர் மாற்றவிடவில்லை. விழுகிறவனுக்கு வாழ்க்கையின் நிலையாமை பற்றி எட்டு வரி கொடுத்தேன். காதலுக்கு "ம்".

வெளியீட்டு நாளில், என் பத்தியை விடாமல் படிப்பதாக வாசலிலேயே சொன்ன ஓர் அக்கா, ரதப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"படம் கும்பிடலாம் போல இருக்கு. ஆனா இந்த வசனத்த எந்தப் புண்ணியவான் எழுதுனாரு?" என்று அட்டைக்குத் திருப்பினார்.

கையெழுத்துப் போட்டுப் போட்டு மை படிந்திருந்த ராக்கெட்டின் கட்டைவிரல், என் பெயர்மேல் வந்து அழுந்தியது.

"நான்தான்க்கா. எழுத்து நமக்கு வராது லா."

அக்கா வேறு இரண்டு பிரதிகள் வாங்கிப்போனார். வீட்டில் அட்டையைப் பார்த்திருப்பார். எல்லாவற்றையும் மூட ராக்கெட்டிடம் அத்தனை விரல் ஏது? மை பட்ட பிரதி என்னிடம் இருக்கிறது. என் பெயரைப் படிக்க முடியவில்லை. அவர் ரேகை நன்றாகத் தெரிகிறது.