ஹாக்லண்ட் கம்பெனியின் மனமார்ந்த அக்கறை

மனித குலத்தின் முதல் பெரிய சாதனை, நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்த சாதனை, அமெரிக்காவின் குளிர் நகரமான டுலூத்தில், வீடுகளைச் சூடாக்கும் எங்கள் ஹாக்லண்ட் ஹீட்டர் கம்பெனி வாடிக்கையாளர்களை மனமார நேசிக்கத் தொடங்கியது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விவகாரங்கள்.

முதலாளி பிரென்ட் ஹாக்லண்ட் ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு ஈரக் கண்களோடு திரும்பி வந்தார். வந்த கையோடு கூட்டம் போட்டார்.

"இத்தனை வருஷமா நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்?"

"ஹீட்டர் ரிப்பேர்" என்றார் மெக்கானிக் ராண்டி.

"அதான் தப்பு! ஹீட்டரைப் பார்த்தோம். மனுஷனைப் பார்த்தோமா?"

ராண்டி கடிகாரத்தைப் பார்த்தார். ஆகவே அவரும் மற்ற மெக்கானிக்குகளும் கண்ணீர் மல்க வழியனுப்பப்பட்டார்கள். அவர்கள் சம்பளத்தில் 'மனமார்ந்த அக்கறைப் பிரிவு' உதயமாயிற்று. உதிரிபாகக் கிடங்கில் இருந்த என்னை அதன் துணைத் தலைவர் ஆக்கினார்கள். என் முகத்தில் இரக்கம் ததும்புகிறதாம். அது சைனஸ் தொல்லை என்று நான் சொல்லப் போவானேன்?

ஜனவரியில் டோலரஸ் நியெமி போன் செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைமேல் ஒரு சிறிய வீட்டில் நாயோடு தனியாக இருப்பவர்.

"தம்பி, ஹீட்டர் நின்னுபோச்சு. சமையலறைக் குழாய்ல தண்ணி உறைய ஆரம்பிச்சிருச்சு."

"அதைப் பார்த்ததும் உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?"

"குளிரா இருந்துச்சு."

"மனசுக்கு?"

"மனசும் அதே வீட்லதான் இருக்கு!"

உடனே 'அக்கறை வாகனம்' புறப்பட்டது. முன்பு அதில் குறடும் குழாய்களும் கிடக்கும். இப்போது லாவெண்டர் மெழுகுவத்தி, காட்டரிசி சூப், கம்பெனிப் பெயர் பின்னிய கழுத்துத் துணி. முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்தார்.

டோலரஸ் அம்மாள் கதவைத் திறந்தார். காலஞ்சென்ற கணவரின் மான்வேட்டைக் கோட்டுக்குள் அவரும் நாயும் சேர்ந்தே இருந்தார்கள். முதலாளி அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. பாதிக் கன்னத்தில் உறைந்தது.

"அழாதீங்க. ஹீட்டர் கீழ இருக்கு. படி அந்தப் பக்கம்."

"ஹீட்டர் கிடக்கட்டும் டோலரஸ். நாங்க உங்களைப் பார்க்க வந்திருக்கோம்."

"பார்த்தாச்சுல்ல? இப்ப அதைப் போய்ப் பாருங்க."

"நீங்க எங்க குடும்பம். எங்க இடம் உங்க இடம் மாதிரி!"

அவர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"மனசார!"

மறுநாள் காலை நாங்கள் அலுவலகம் திறந்தபோது அவர் பெட்டி, தலையணை, நாய் சகிதம் வாசலில் நின்றார். நேரே வரவேற்பறை சோபாவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் அலுவலகம் எப்போதும் கதகதப்பாக இருக்கும். அதன் ஹீட்டரைப் பராமரிப்பது வேறொரு கம்பெனி. எங்கள் மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காத முரட்டு ஜென்மங்கள்.

முதலாளி அவரைக் கட்டித் தழுவிப் படமெடுத்துக்கொண்டார். டோலரஸ் அம்மாளும் சும்மா இருக்கவில்லை. தேவாலயத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டார்.

எங்கள் ஹீட்டர் ஊர் முழுக்க இருந்தது. ஆகவே ஊர் முழுக்க நின்றிருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கூட்ட அறையில் ஈரக் காலுறைகள் தொங்கின. 'தொலைநோக்குத் திட்டம்' எழுதிய பலகைக்குக் கீழே யாரோ மீன் பொரித்தார்கள். முதலாளியின் மேசைமேல் ஒரு கைக்குழந்தை தூங்கியது. அவர் போனை எடுத்தால் "உஷ்!" என்று விரட்டினார்கள்.

ஆளில்லாத இடம் கழிவறை ஒன்றுதான். அங்கே முதலாளி என்னை மடக்கினார்.

"கர்ட்டிஸ், இவங்கல்லாம் எப்பய்யா போவாங்க?"

"குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குடும்பம்னா பண்டிகைக்கு வந்துட்டுப் போறது இல்லையா?"

"ராண்டியைக் கூப்பிட்டா ஒவ்வொரு வீடா சரி பண்ணிடுவாரு. அவங்களும் போயிடுவாங்க."

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ராண்டிக்குச் சிரிக்கவே தெரியாது. அவனைப் போய் என் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா? உனக்கு இதயமே இல்லையா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் போலீசைக் கூப்பிட்டார்.

வந்தவர் கைல் என்ற இளம் காவலர். ஆஜானுபாகு.

"இவங்களை வெளியேத்தணும் ஆபீசர். ஆனா அன்போட!" என்றார் முதலாளி.

"வெளிய அனுப்பினா செத்துப்போவாங்களே சார்."

"அதைப் பத்தி எங்களுக்கு ஆழ்ந்த கவலை இருக்கு."

காவலர் சுவரில் இருந்த கம்பெனிப் பெயரை அப்போதுதான் படித்தார். முகம் மாறியது. "ஹாக்லண்ட் ஹீட்டரா? எங்க வீட்லயும் அதான்." வெளியே போனார். திரும்பி வரும்போது மனைவியும் இரண்டு மெத்தைகளும் கூட வந்தார்கள்.

டோலரஸ் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். "வா தம்பி. ஜன்னல் பக்கம் படுக்காத, குளிரும்."

பனி உருகிய பிறகு, மினியாபொலிசில் நடந்த வணிகர் விழாவில் 'இதயம் தொட்ட நிறுவனம்' விருது எங்களுக்குக் கிடைத்தது. முதலாளி மேடையில் தழுதழுத்தார்.

"இந்தக் குளிர்காலம் முழுக்க, எங்க வாடிக்கையாளர் ஒருத்தர்கூட எங்களை விட்டுப் போகலை!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் அணுவளவும் பொய் இல்லை. குளிரில் குழாய்கள் வெடித்து, தண்ணீர் தரையெல்லாம் பாளம் பாளமாக உறைந்து, பாழாய்ப் போயிருந்தன அவர்கள் வீடுகள். ஒரு வீட்டையாவது நாங்கள் விட்டுவைத்திருந்தால்தானே, திரும்பிப் போவதற்கு?