கட்டை அண்ணனின் பாத்ரூம் கதவு

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை கட்டை அண்ணன் தட்டிப் பார்க்காத கதவே கிடையாது. உள்ளே போவதற்காகத் தட்டுபவரில்லை அவர். தட்டுவார், மரத்தில் காதை வைப்பார், "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். கோவிலம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்தில் வாசல்கதவைத் தட்டிவிட்டு, "தேக்குன்னா சொன்னான்? உள்ள வெறும் பிளைவுட்டு சார்" என்று கூட்டத்துக்கே அறிவித்தார். வீட்டுக்காரர் அழாத குறை. அதன்பின் யாரும் அவரை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை.

எல்லாம் ஒரு எலெக்ட்ரிக் கிடாருக்காக. இளவயதில் சர்ச்சில் அதை வாசித்துத்தான் பாடகர் குழுவிலிருந்த ரூபி அக்காவின் மனதைக் கவர்ந்து கல்யாணமும் செய்துகொண்டார். முடிச்சூர் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது கிடாரின் உடம்பு ஊறி வெடித்துவிட்டது. அக்கா சும்மா இருந்திருக்கலாம். "அந்தச் சத்தத்தை இன்னொரு தடவ கேக்கணும்ங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

பிடித்தது சனி. மா, வேம்பு, பலா என்று அண்ணன் அறுத்து அறுத்துக் கிடார் செய்தார். ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுவார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏதோ குறையுதுங்க" என்பார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

"போச்சுடா. மரம் செரியில்ல."

நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்ப்பவன். தொண்டை கிழியச் சொன்னேன். "அண்ணா, கம்பி அதிருது. அடியில பிக்கப் இருக்கு, காந்தமும் காப்பர் சுருளும். அது பிடிச்சு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புது. மரத்துக்கு இதுல பெருசா வேலையே இல்ல."

"இன்னாடா பேசுற? மரம் இல்லாம உசுரு எங்கருந்து வரும்?"

மறுவாரம் போனால் பாத்ரூமுக்குக் கதவில்லை, திரைச்சீலை தொங்குகிறது. அந்தக் காலத்துத் தேக்குக் கதவு கிடாராகிவிட்டது. "உள்ள போறவங்க பாடிக்கினே இருக்கணும், அவ்ளோதான்" என்றார், ஏதோ முனிசிபாலிட்டி விதி மாதிரி. அக்கா அதையும் கேட்டார். அதிலும் ஏதோ குறைந்தது.

எனக்கே பொறுக்கவில்லை. வெள்ளத்தில் தப்பிய பழைய பிக்கப்பைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து, ஒரு கட்டில் பலகையில் கம்பிகளோடு மாட்டிக் கொடுத்தேன். வாசித்ததும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அதே பழைய சத்தம்! "ரூபி!" என்று கத்தினார்.

அக்கா வந்து கேட்டார். "இல்லீங்க. எங்கயோ தூரத்துல வாசிக்கிற மாதிரி இருக்கு."

அடுப்படியில் குக்கர் விசில் மேல் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா திரும்பவே இல்லை. அண்ணன் கையிலிருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"காதுக்குள்ள இருக்கிற குட்டி எலும்பு இறுகிப்போச்சு. பல வருஷமாவே கொஞ்சம் கொஞ்சமா கேட்கிறது குறைஞ்சிருக்கும்" என்றார் காது டாக்டர். சோதிக்கும்போது, ட்யூனிங் ஃபோர்க் என்கிற அதிரும் இரும்புக் கவையை டாக்டர் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தியதும் அக்கா, "இது நல்லா கேக்குதே" என்றார். காற்றில் வருகிற சத்தமெல்லாம் மங்கல்தான்.

ஆஸ்பத்திரிப் படியில் அண்ணன் குலுங்கி அழுதார். "அவ காது போய்க்கினு கீது, நான் கதவ அறுத்துக்கினு இருந்தேன்டா. நான்லாம் ஒரு மன்ஷனா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டேதான் போனேன். ஆம்ப் இல்லை, ஒயர் இல்லை. பாத்ரூம் கதவுக் கிடாரின் விளிம்பில் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை அழுத்திச் சாய்ந்திருந்தார் அக்கா. அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"இதுதாங்க. இதேதான்."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சொன்ன? மரத்துக்கு வேலையே இல்லியா?"

"இருக்குண்ணா. மரம்தாண்ணா எல்லாம்."

இன்றைக்கும் அந்த வீட்டு பாத்ரூமுக்குக் கதவு கிடையாது. போகும்போதெல்லாம் மனதாரப் பாடுகிறேன்.