திருகோணமலைக்குப் போகாத கருவாடு

சொந்த நாட்டுக்குள்ளே சுற்றுலா போவதைப் போல லேசான காரியம் இல்லை. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், சப்பாத்தைக் கழற்றச் சொல்ல ஆளில்லை. மழை பிடித்தால் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பிவிடலாம். ஒரே ஒரு குறைதான். எந்த மலையில் ஏறினாலும் அங்கே நமக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். எனக்கு இருந்தது என் அக்கா.

எனக்குக் கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை, கட்டுகஸ்தோட்டையில் வீடு. அக்கா சரோஜா ஹுன்னஸ்கிரியவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அன்பானவள். அந்த அன்புதான் பிரச்சினை. நாங்கள் போனால் வீட்டிலிருக்கும் ஒரே கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவளும் மச்சானும் மகள் மாலினியும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒரு கோழி உயிரை விடும். பிறகு தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் வீடுகளுக்கெல்லாம் கூட்டிப்போவாள். ஒரே நாளில் பதினொரு டீ குடித்திருக்கிறேன். வேண்டாம் என்றால், "டவுனுக்குப் போனதும் பெரிய ஆளாயிட்டீங்களோ?" என்பார்கள்.

"அது லீவு இல்லைங்க, சாமி ஊர்வலம். வாசலுக்கு வாசல் நின்னு நின்னு போறோம்" என்பாள் என் மனைவி புஷ்பா.

அப்படியானால் தனியாக அறை எடுத்துத் தங்கலாமே என்று கேட்பீர்கள். நல்லாக் கேட்டீர்கள்! கூடப்பிறந்தவள் இருக்கும் ஊரில் காசு கொடுத்துத் தங்குவது எங்கள் ஆட்களிடம் மன்னிக்கவே முடியாத குற்றம். பெரிய அண்ணன் ஒருமுறை, ஒரே ஒரு இரவு, அந்தப் பக்கம் ஒரு அறையில் தங்கினார். அக்கா மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அவர் வீடு குடிபுகுந்த அன்று வந்தாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். இப்போது மாலினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். நான் தாய்மாமன். மேடையில் நிற்பதா ரோட்டில் நிற்பதா என்பது அக்கா கையில் இருந்தது.

இவ்வளவும் தெரிந்தும் பள்ளிக்கூட லீவுக்கு ஹுன்னஸ்கிரியவில் மூன்று நாளைக்கு அறை போட்ட புத்திசாலி யார்? (நானேதான்.) பழைய துரை பங்களா, நல்ல குளிர் என்று கூட வேலை செய்பவர் ஆசை காட்டிவிட்டார். அக்கா வீட்டிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். மலையில் நாலு கட்டை என்றால் வேறு நாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் எடுத்தாள். "லீவுக்கு வர்றீங்களாடா?"

"இல்லக்கா, திருகோணமலை போறோம். பிள்ளைங்க கடல் பாக்கணும்னு நிக்குதுங்க."

"போயிட்டு வாங்க. வரும்போது நல்ல கட்டாக் கருவாடு வாங்கிட்டு வா. இங்க கெடைக்கிறது பூரா உப்புதான்."

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? புறப்படுவதற்கு முதல் நாளே கண்டி மார்க்கட்டில் ஒரு கிலோ கட்டாக் கருவாடு வாங்கினேன். "இது திருகோணமலையா?" என்று கேட்டேன். "நீங்க எந்த ஊர்னு சொல்லுங்க, அந்த ஊர்தான்" என்றார் கடைக்காரர். புஷ்பா அதைப் பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே "அக்காவுக்கு – திருகோணமலை" என்று எழுதிக் குசினி மேசையில் வைத்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பரீதா ராத்தாவிடம் கொடுத்தோம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறும்போதே குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டேன். (கண்டியில் அன்று நல்ல வெயில்.) பங்களாவுக்குப் போனபிறகுதான் உறைத்தது, அந்த ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். பிள்ளைகளைப் பின்பக்கம் மட்டும் விளையாட விட்டேன். "சுகமில்லையா மாத்தயா?" என்று சமையல்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார். காசு கட்டி மறியல் கம்பிக்குள் இருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"மலை எப்படி இருக்கு?" என்றாள் புஷ்பா, திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே.

இரண்டாம் நாள் பின்னேரம் போன் அடித்தது. அக்கா! நான் புஷ்பாவுக்குக் கையால் அலை காட்டினேன். அவள் ஓடிப்போய்க் குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"எங்கடா இருக்க?"

"கடற்கரையிலக்கா. அலைச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கருவாடு வாங்கிட்டியா?"

"இப்பதான்க்கா! வள்ளத்துல இருந்து எறக்கும்போதே வாங்கிட்டேன்." (வள்ளத்திலிருந்து யாரும் கருவாட்டை இறக்குவதில்லை என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது.)

"ஒரு கிலோவா?"

"ஆமாக்கா."

"பேப்பர்ல நாலு சுத்துச் சுத்தியா?"

அப்போது போனுக்குள்ளே ஒரு குருவி கத்தியது. ஒருமுறை அமுக்கினால் மூன்றுமுறை கத்தும் குருவி. "அப்பா! நம்ம வீட்டு பெல்லு!" என்று பக்கத்தில் காது கொடுத்து நின்ற என் மகள் துள்ளினாள். அதன் பின்னாலேயே பரீதா ராத்தாவின் குரல், "சரோஜா, வட்டிலப்பம் கொண்டு வந்தேன்" என்றது.

புஷ்பா குழாயை மூடினாள். கடல் நின்றது.

"அக்கா... நீ எங்க இருக்க?"

"ஒன் வீட்டுலதான். கருவாட்டுக்கு முன்னால."

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினேன். "ஹுன்னஸ்கிரியவுலதான்க்கா இருக்கோம். பங்களாவுல. தப்புத்தான், மன்னிச்சிரு." அண்ணனின் மூன்று வருஷம் கண்முன்னால் வந்தது.

பிறகு அக்கா பேசினாள். திட்டுகிற குரல் இல்லை, பிடிபட்ட கள்ளியின் குரல். "கோவிச்சுக்காதடா தம்பி. கல்யாணச் சேலை எடுக்க வந்தோம். நீங்க இல்லன்னு தெரிஞ்சுதான் வந்தோம், ராத்தாகிட்ட சாவி வாங்கித் தொறந்தோம்."

"ஏன்க்கா?"

"நீங்க இருந்தா நீ கட்டில எங்களுக்குக் குடுத்துட்டுக் கீழ படுப்ப. புஷ்பா விடிஞ்சதுல இருந்து அடுப்படியில நிப்பா. பாத்துக்கிட்டு இருக்க முடியல. அதோட, ரெண்டு நாள் யாருக்கும் டீ ஊத்தாம, யார் வீட்டு டீயும் குடிக்காம, கால நீட்டி டிவி பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஒங்கிட்ட சொன்னா திருகோணமலைப் பயணத்தையே நிப்பாட்டிருவ. சத்தம் போடாம போயிரலாம்னுதான் இருந்தேன். இந்தக் கருவாட்டப் பாத்தப்புறம் கேக்காம இருக்க முடியல."

பின்னாலிருந்து மச்சான், "ஃபேன் நல்லாச் சுத்துதுன்னு சொல்லு" என்றார்.

அப்பாடா! மாரியாத்தா, நீ இருக்கிறாய் தாயே! நான் சிரித்தேன், புஷ்பா கட்டிலில் விழுந்து சிரித்தாள், அங்கே அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

"அப்ப அங்க ஒங்க வீட்டுல யாருக்கா இருக்காங்க?"

"யாரும் இல்ல. பூட்டித்தான் கெடக்கு."

இரண்டு நாளாக நான் ஒளிந்திருந்தது ஒரு பூட்டுக்குப் பயந்து. மறுநாள் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனேன். மலை இருந்தது. நல்ல மலைதான்.

கல்யாணத்தில் மேடையில்தான் நின்றேன். என் சீர்த் தட்டுகளுக்கு நடுவில், பழத்துக்கும் சேலைக்கும் பக்கத்தில், பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. மச்சானின் வேலை. வாசம் முதல் வரிசை வரைக்கும் போனது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பயணம் புறப்பட்டாலும் முதல் கேள்வி, "கருவாடு வாங்கியாச்சா?"

இப்போதெல்லாம் லீவு வந்தால் சாவியை மாற்றிக்கொள்கிறோம். அவர்கள் எங்கள் ஃபேனுக்கு, நாங்கள் அவர்கள் குளிருக்கு. யாரும் தரையில் படுப்பதில்லை, கோழிகளும் பிழைத்துக்கொண்டன. பதினொரு டீ மட்டும் அப்படியே இருக்கிறது. திரும்பி வந்தால் குசினி மேசையில் ஒரு பொட்டலம் காத்திருக்கும், மேலே அக்காவின் கோணல் எழுத்தில் "தம்பிக்கு – திருகோணமலை."

இன்றுவரை இரண்டு வீட்டிலும் ஒருவர்கூடத் திருகோணமலையைப் பார்த்ததில்லை.