வழியனுப்ப வருவோர்: இருநூறு பேர்

கோபே,
ஆகஸ்ட் இருபது

என் அக்காள் பெற்ற ஒரே செல்வமும், ஹிமெஜி நகரத்துப் பல் மருத்துவமனையில் ஊராரின் கடைவாய்ப் பற்களுக்கெல்லாம் காவல் தெய்வமுமான மினெகோவுக்கு, கோபே துறைமுகத்தின் முன்னாள் கயிற்றுச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் ஹமாசாகி குன்பெய் எழுதிக்கொள்வது.

இலையுதிர்காலம் பிறந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. சிள்வண்டுகளுக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று என் மாடி முகப்புக் கம்பியில் உட்கார்ந்த காகம் ஒன்று அரை நிமிடத்தில் பொரிந்துபோய்க் கீழே விழுந்தது. இந்த மிச்ச வெயிலில் நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்பு வாடாமல் இருக்க வேண்டுகிறேன். நான் சௌக்கியம். எழுபத்திரண்டு வயதில் இப்படி ஓர் இதயத்தை மருத்துவ வரலாறு கண்டதில்லை என்று டாக்டர் சொன்னார், அல்லது முழங்காலைப் பற்றி ஏதோ சொன்னார். ஒன்றரை வருடமாக உன் குரலைக் கேட்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஹிமெஜிக்கும் கோபேக்கும் நடுவே ரயிலில் முழுதாக நாற்பது நிமிடம் ஆகிறது. அதற்குள் ஒரு மனுஷிக்கு முடி நரைத்துவிடும், எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கப்பலில் உல்லாசப் பயணம் போவதாக முடிவு செய்துவிட்டேன். இதற்குக் காரணம் பொதுக் குளியலறை. எனக்குக் கீழ் வீட்டு ஹிராபயாஷி தம்பதி பத்து நாள் கப்பல் பயணம் போய் வந்தார்கள். போனது பத்து நாள், பேசுவது பத்து மாதம். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு முங்கியபடி அந்த மனிதர் ஆரம்பித்தார்.

"ஹமாசாகி ஐயா, பத்தாவது மாடியில நீச்சல்குளம் இருக்குங்க, தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்தக் கப்பலக் கரையில கட்டிப்போட்டதே நான்தான்."

"கட்டினது சரி. ஏறியிருக்கீங்களா?"

குளியலறையில் பதினோரு பேர். பதினோரு பேரும் சோப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"கோயில் வாசல்ல நிக்கிற காவல் தெய்வம் உள்ள போய்க் கும்பிடுமாங்க?" என்றேன், கம்பீரமாக.

"அப்ப வாசல்லயே நின்னுக்கிட்டு, உள்ள இருக்கிற சாமியப் பத்தி முப்பது வருஷமாப் பேசியிருக்கீங்க!"

சிரிப்பில் வெந்நீர் பாதி வெளியே வழிந்தது. நீயே சொல், மினெகோ. முப்பத்தெட்டு வருடம், நாற்பதாயிரம் கப்பல். மேலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்துக் கரையில் இருக்கிற இரும்புக் குற்றியில் மாட்டுவதும், போகும்போது கழற்றிவிடுவதும் என் கை. நான் கழற்றாமல் போயிருந்தால் உலகத்துக் கப்பலெல்லாம் இன்னும் கோபேயில் மாடு மாதிரி கட்டிக் கிடந்திருக்கும். ஆனால் ஒன்றில்கூட நான் ஏறியதில்லை என்பது உண்மைதான். கயிற்றுக்கு இரண்டு நுனி உண்டு. எனக்கு வாய்த்தது எப்போதும் கரைப்பக்க நுனி.

மறுநாளே பயண ஏற்பாட்டுக் கடைக்குப் போனேன். உகாய் என்று ஒரு பெண். கன்னத்தில் குழி விழும், குரலில் தேன் வழியும். மூன்று வண்ணப் புத்தகங்களை என் முன்னால் விரித்தாள்.

"ஐயாவுக்கு இது முதல் பயணமுங்களா?"

"ஏறுறது முதல் தடவை. அனுப்பினது நாப்பதாயிரம்."

"அப்ப ரெண்டு ராத்திரி போயிட்டு வர்ற மாதிரி எடுத்துக்கலாமுங்க. கடல் ஒத்துக்குதா, கூட்டம் ஒத்துக்குதா, சாப்பாடு ஒத்துக்குதான்னு பாத்துட்டு அப்புறம் நீளமாப் போகலாம்."

"ரெண்டு ராத்திரியில என் கதையில கால்வாசிகூட முடியாதேம்மா. நூறு நாள் உலகம் சுத்துறது ஒண்ணு குடு."

"எத்தனை பேருங்க?"

நான் வண்ணப் புத்தகத்தில் இருந்த இறால் படத்தை உற்றுப் பார்த்தேன். "நான்தான்" என்றேன்.

"மாண்புமிகு தனியாளுங்களா!" என்றாள். அந்த 'மாண்புமிகு' இருக்கிறதே, அது காயத்தின் மேல் போடுகிற பட்டுத்துணி. அப்புறம், அறை என்பது இரண்டு பேருக்கென்று போட்ட கணக்கு, தனியாக வருகிறவர் ஒன்றரை ஆளுக்குக் கட்ட வேண்டும் என்று தலை குனிந்து, ஏதோ அவளே செய்த குற்றம்போல் சொன்னாள். "அந்த அரை ஆளு யாரும்மா? மேல்பாதியா, கீழ்பாதியா? கீழ்பாதின்னா சாப்பாடு மிச்சம்" என்றேன். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன்.

தேர்ந்தெடுப்பது சாதாரண வேலையா? ஜன்னல் உள்ள அறையா, இல்லாததா. ஆட்டம் பாட்டம் உள்ள பெரிய கப்பலா, ஆளரவம் குறைந்த சின்னதா. வாந்தி வராமல் இருக்கக் கீழ்த்தளத்து நடு அறையா. ராத்திரி விருந்துக்குக் கோட்டு உண்டா. உகாய் கேட்கக் கேட்க எனக்கு மறுபடி பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுவதுபோல் இருந்தது. என் பங்குக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன்: "கட்டுற கயிறு என்ன தடிமன்?" அந்தப் பெண் சிரிக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவர்கள் இன்னொருவருக்குப் போட்டு, இருபது நிமிடம் கழித்து, "எட்டு சென்டிமீட்டருங்க" என்று வியர்வையோடு வந்து சொன்னாள். அந்தக் கப்பலையே எடுத்துக்கொண்டேன். கோபேயில் புறப்பட்டு, உள்கடலைச் சுற்றி, கோபேக்கே திரும்புகிற, அவள் முதலில் சொன்ன அதே இரண்டு ராத்திரி; நூறு நாளுக்கு ஒன்றரை ஆள் கட்டணம் என் கைக்கு எட்டாது. யோகோஹாமாவில் புறப்படுகிற கப்பல் இதைவிடப் பெரிது, மொட்டை மாடியில் வெந்நீர்த் தொட்டிகூட உண்டு, உகாயும் ஆசை காட்டினாள். மறுத்துவிட்டேன். யோகோஹாமாக்காரர்கள் கயிறு பிடிக்கிற அழகை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ நூடுல்ஸை ஊதி ஊதி எடுப்பதுபோல் எடுப்பார்கள். அவர்கள் கையால் அவிழ்த்துவிடப்படுவது என் குலத்துக்கே இழுக்கு.

பதினோரு நாள் முன்னால், சனிக்கிழமை, விளக்கக் கூட்டம். முப்பது ஜோடிகள், நான், என் குடை. பக்கத்து நாற்காலியில் குடையை வைத்திருந்தேன். தட்டு கொண்டுவந்த பையன் குடையின் முன்னால் ஒரு தேநீர், ஓர் இனிப்பு, ஒரு கையேடு வைத்துவிட்டுப் போனான். வர வேண்டியவர் கழிவறைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தான் போல. திருத்தவில்லை. குடை தேநீர் குடிக்கவில்லை. அதன் இனிப்பை நான் சாப்பிட்டேன். முன்வரிசைக் கிழவர், "வீட்டம்மா எங்கே?" என்று திரும்பிக் கேட்டார். "வீட்டம்மாவே இல்லாத வீரப்பரம்பரை" என்றேன். பாவம், அடுத்த ஒரு மணி நேரம் அவர் திரும்பவே இல்லை.

அப்போதுதான் காகித நாடா வந்தது. ஓர் அறைக்கு ஐந்து ரோல். கப்பல் விலகும்போது மேலிருந்து பயணிகள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ரோலை வீசுவார்கள். கரையில் நிற்கிற சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். நீலம், சிவப்பு, மஞ்சளாய் ஆயிரம் நாடா, கப்பல் போகப் போக நீண்டு, பிறகு ஒவ்வொன்றாய் அறும். ஹிராபயாஷிக்கு இது படம். எனக்கு இது குப்பை. முப்பத்தெட்டு வருடம் அள்ளியிருக்கிறேன். ஒரு முறை ஒகினாவா கப்பலில் ஒரு கிழவி. கரையில் அவளுக்கென்று யாரும் இல்லை. ஒரு ரோல் வீசினாள், தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும் தண்ணீரில். நாலு விழுந்த பிறகும் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தாள். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்களே. ஐந்தாவதை நான் எட்டிப் பிடித்துவிட்டேன். கயிற்றுக்காரன் அதைச் செய்யக் கூடாது. மேஸ்திரி, "டேய் ஹமாசாகி, கப்பலக் காகிதத்துல கட்டப் போறியா!" என்று கத்தினார். மஞ்சள் நாடா. அறுகிற வரைக்கும் பிடித்திருந்தேன். அவள் எனக்குத் தலை வணங்கினாள். இந்தக் கதையில் மிகை ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடம் கிடைக்கவில்லை.

நாடாவோடு ஒரு படிவமும் கொடுத்தார்கள். 'வழியனுப்ப வருவோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். முன்வரிசைக் கிழவர் 'ஏழு' என்று எழுதுவது தோளுக்கு மேலாகத் தெரிந்தது. என் பேனா என் பேச்சைக் கேட்கவில்லை. 'இருநூறு' என்று எழுதிவிட்டது.

நம் ஊரில் எழுத்தில் கொடுத்ததைச் சந்தேகப்படுகிறவர் உண்டா? அடுத்த திங்கட்கிழமையே காலை எட்டரைக்கு உகாயின் போன். "ஐயா, இருநூறு பேருன்னா துறைமுகத்துல தனி அனுமதி வாங்கணுமுங்க. வாங்கிட்டேன். நாலு பஸ்ஸுக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேன். கூட்டத்த ஒழுங்குபடுத்தக் கயிறு கட்டலாமான்னு கேக்கறாங்க. வாத்தியக் குழு ஏதாச்சும் வருதுங்களா?" எனக்கே கயிறு! வாத்தியக் குழு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன்.

பிறகு ஆள் திரட்டப் புறப்பட்டேன். எங்கள் பழைய கயிற்றுக் கூட்டம் எட்டுப் பேர். நாலு பேர் மலைச்சரிவில் கடல் பார்த்த கல்லறைகளில் இருக்கிறார்கள், இறங்கி வர மாட்டார்கள். ஒருவன் மகனோடு கியூஷுவில். இரண்டு பேர் முதியோர் இல்லத்தில், ஒருவன் என்னை வரி அதிகாரி என்று நினைத்துத் தன்னிடம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தான், இன்னொருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டான். எட்டாவது ஆள் நான். ஹிராபயாஷியைக் கேட்பதற்குக் கடலில் குதிக்கலாம்.

ஆகவே தினம் ஒரு போன் போட்டுக் குறைத்தேன். நூற்றைம்பது ஆக்கினேன், ஒரு பஸ்ஸுக்குப் பழுது. எண்பது ஆக்கினேன், ஊரில் காய்ச்சல். முப்பது, ஒன்பது, நாலு. கல்யாணம், சாவு, பூகம்ப ஒத்திகை என்று காரணமெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஒவ்வொரு தடவையும் உகாய், "அப்படிங்களா, புரிஞ்சுதுங்க" என்பாள். நேற்று நாலு என்றபோது பேச்சை மாற்றினாள். "ஐயா, எண்ணிக்கை முக்கியமில்லீங்க. வழியனுப்புற மேடையில ஒரே ஒருத்தர் இருந்தாக்கூட நாடாவப் பிடிச்சுக்கலாம். அந்த ஒருத்தர் பேர மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

இதற்கிடையில் பயிற்சியும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் மாடி முகப்பிலிருந்து கழிவறைக் காகித ரோல் ஒன்றை நாடாவைப்போல் வீசினேன். காற்று அதை வாங்கி, ஹிராபயாஷி அம்மாள் வெயிலில் போட்டிருந்த மெத்தையைச் சுற்றி, அவள் தலையையும் சுற்றி, பெட்டிக்கடைப் பரிசுப் பொட்டலம்போல் கட்டிவிட்டது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாத எங்கள் குடியிருப்புச் சங்கம் மாலையே கீழே அறிவிப்பு ஒட்டியது: 'மூன்றாம் மாடியில் கடல் பார்த்த வீட்டில் தனியாக வசிக்கும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் கவனத்துக்கு.'

போதும், மினெகோ. கப்பலாவது நாடாவாவது! கரையில் பிறந்தவன் கரையில் நிற்பதே அழகு. நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பயணத்தை ரத்து செய்துவிடுகிறேன். யாரும் வர வேண்டாம், யாரையும் நான் எதிர்பார்க்கவுமில்லை. தனியாக இருப்பதில் எனக்கிருக்கிற தேர்ச்சிக்கு அரசாங்கமே பதக்கம் அனுப்ப வேண்டும்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். உன் கை பட்ட பல் ஒன்றும் ஆடாமலிருக்க, உன் வீட்டுக் கூரை ஒழுகாமலிருக்க, வரும் பனிக்காலம் உன்னைத் தொடாமல் சுற்றிப்போக, நம் ஊர் எண்பது லட்சம் கடவுள்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேண்டிக்கொள்கிற

உன் மாமன்,
குன்பெய்

பின்குறிப்பு: ரத்து செய்யவில்லை. காலையில் போய், அந்தக் கட்டத்தில் இருநூறை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதி, உன் பெயரைப் போட்டுவிட்டேன். கேட்காமல் செய்தது தப்பு. யோகோஹாமா கயிற்றுக்காரர்கள் நல்ல தொழில்காரர்கள். கோபேயை எடுத்தது நாற்பது நிமிட ரயிலுக்காக. ஒன்றரை வருடத்துக்கு முன், உன் அம்மாவின் நினைவு நாளில், அவள் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு அவாஜித் தீவுக்கு நீந்திப் போய் வெங்காயம் வாங்கி வந்ததாகப் பூசாரிக்கு முன்னால் கதை விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ரயில் நிலையத்தில் நீ, "மாமா, அம்மாவப் பத்தி ஒரு தடவையாச்சும் உண்மையச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனாய். உண்மை இது: அக்காவுக்கு நீச்சலே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோற்றுப் பெட்டி கொண்டுவந்து, துறைமுகத்தின் இரண்டாம் மாடி மேடையில், இடப்பக்கக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பாள். எல்லோரும் கப்பலைப் பார்த்துக் கை ஆட்டுவார்கள். அவள் மட்டும் கீழே கயிறு பிடிக்கிற என்னைப் பார்த்து ஆட்டுவாள்.

செப்டம்பர் இருபத்தொன்று, ஞாயிறு, மூன்று மணி. அதே தூண். மஞ்சள் ரோலாக வீசுகிறேன். முதல் நாலு தண்ணீரில் விழும், கவலைப்படாதே. பிடித்ததும் நடுத்துளையில் விரலை விட்டுச் சும்மா சுழல விடு, இழுக்காதே. வேலை இருந்தால் வேண்டாம். மழை வரும்போல் இருந்தால் உன் குடையைக் கொண்டு வா. என்னுடையது அரை ஆளாக என்னோடு கப்பலில் வருகிறது.