சிவஞானம் வரும் கப்பலிலேயே வரும் கடிதம்

மரைன் ஹில், போர்ட் பிளேர்.

மகா கனம் பொருந்திய மைத்துனர் சொக்கலிங்கம் அவர்களுக்கு ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும், தங்கள் தங்கை ருக்குவும், தங்கள் மருமகள் ஜெயமணியும் உப்புக் காற்றையும் அட்டைக் கடியையும் மீறிச் சௌக்கியமாகவே இருக்கிறோம். திருநெல்வேலியில் தாங்களும் வீட்டில் அனைவரும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. மதுரை மாப்பிள்ளை கோவிந்தராஜ் வீட்டில் தாங்கள் செருப்புத் தேய நடந்து ஜெயமணிக்குப் பேசி வைத்த சம்பந்தம் இப்போது ஒரு நூலில் தொங்குகிறது. பெண்ணுக்குப் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நாலு பேர் காதில் விழப் பாடக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. மாப்பிள்ளையின் தாய்மாமன் சிவஞானம், மரம் வாங்க இங்கே வந்தவர், நாளைக் கப்பலில் மெயின்லாண்டு திரும்புகிறார். வந்ததும் ஒரு கதை சொல்வார். தாங்கள் அதை நம்ப வேண்டாம். நடந்தது அதேதான், ஆனால் நடந்த விதம் வேறு.

இங்கே மைதானத்தில் ஊருக்கே இலவசமாக ஓர் இசை விழா வைத்தார்கள். இலவசம் என்றால் யாராவது நீளமாகப் பேசுவார்கள் என்று முதலில் எல்லோருக்கும் பயம். பேச்சுக் கிடையாது, பாட்டு மட்டும்தான் என்று தெரிந்ததும் அவரவர் வீட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வங்காளிகள் ஒரு பாட்டு, தெலுங்கர் ஒரு பாட்டு, மலையாளிகள் ஒன்று, ராஞ்சிக்காரர்களின் மேளம், நிக்கோபாரிகளின் கோஷ்டி கானம் என்று எல்லாம் முடிவான பிறகு, தமிழர் சார்பில் யாரும் இல்லையே ஜம்புலிங்கம் என்று எங்கள் பெரிய எஞ்சினியரே என் மேஜைக்கு வந்து கேட்டால் நான் என்ன செய்ய? குத்துவிளக்கு வைத்து உட்கார்ந்தபடி ஒரே ஒரு கீர்த்தனை, அது பூஜையில் சேர்த்திதானே என்று ஜெயமணி பெயரைக் கொடுத்துவிட்டேன். விழாக் காரியதரிசி ஒரு வங்காளி பாபு. அவர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "யே கானா பனானேவாலா ஜிந்தா ஹை?" என்றார். பாட்டைச் செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அர்த்தம். இந்தக் காலத்தில் புதிதாகச் செய்த பாட்டு மட்டும்தான் அங்கே பாட வேண்டுமாம், அது யாருக்குத் தெரியும்? போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன மகான் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஜிந்தா ஹை" என்றேன். "தோ புலாவோ" என்றார். கூப்பிடு என்றால் எங்கே போய்க் கூப்பிடுவது? "மை ஹீ ஹூம்" என்று சொல்லிவிட்டேன், நான்தான் அவர் என்று.

சொன்னபின் செய்யாமல் முடியுமா? சிமெண்டு கிட்டங்கியில் உட்கார்ந்து முருகனைத்தான் நினைத்தேன். முருகன் வரவில்லை, கப்பல்தான் நினைவில் வந்தது. மூன்று வாரமாகக் கப்பல் வராமல் ஊரே காய்கறியும் தபாலும் இல்லாமல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

"கப்பல் வருமா, இன்று வருமா,
கடுதாசி தருமா, கத்தரிக்காய் தருமா"

என்று பல்லவி வந்து விழுந்தது. ராகம் கல்யாணி, அதில் குறை சொல்ல முடியாது. மிருதங்கம் வாசிக்க வேண்டிய இராமகிருஷ்ணனோ வடகோடியில் இருக்கும் திக்லிபூர் போய்த் திரும்பக் கப்பல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டு அல்போன்ஸ், தூத்துக்குடிப் பையன், மோட்டார் படகு ரிப்பேர் பார்க்கிறவன், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பயப்படாதீங்க அண்ணாச்சி, கோயில்ல வாசிக்கிற மாதிரி மெதுவாத்தான் வாசிப்பேன்" என்றான். எந்தக் கோயில் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

விழா மேடையில் முதல் தடவை மெதுவாகத்தான் போயிற்று. மலையாளிகளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் சொல்லித் தெலுங்கருக்கு, தெலுங்கர் சொல்லி வங்காளிகளுக்கு. இந்தத் தீவில் கப்பலுக்குக் காத்திராதவன் யார் மச்சான்? இரண்டாம் தடவை மைதானம் முழுக்கக் "கப்பல் வருமா" என்று பாடியது. மூன்றாம் தடவை அல்போன்ஸ் வேகத்தைக் கூட்டினான், ராஞ்சிக்காரர்கள் மேளத்தோடு சேர்ந்துகொண்டார்கள், ஜெயமணி விளக்கை விட்டு எழுந்து நின்று மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள். முன் வரிசையில் சிவஞானம் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அவரையும் ஆடக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வெற்றிலைகூடப் போடாமல் போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால், அவள் பாடியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஸ்டூல்காரரிடம் "மேரி பேட்டி, மேரி பேட்டி" என்று என் மகள் என்பதை நாலு தரம் சொன்னேன். ஆனால் பெருமை கல்யாணத்தை நடத்துமா? ஆகவே தாங்கள் இதைப் பார்த்த உடனே மதுரைக்கு பஸ் ஏறவும். அது பக்திப் பாட்டு என்று சொல்லவும். கப்பல் என்பது பிறவிக் கடலைத் தாண்டும் கப்பல், கடுதாசி என்பது ஆண்டவன் அழைப்பு. கத்தரிக்காய்க்கு மட்டும் தாங்களே ஒரு தத்துவார்த்தம் கண்டுபிடித்துச் சொல்லவும். இனி ஜெயமணி மேடை ஏற மாட்டாள், நானும் பாட்டுக் கட்ட மாட்டேன், இது சத்தியம்.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்க வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
ஜம்புலிங்கம்

பி.கு. அண்ணா, ருக்கு எழுதுகிறேன். உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் போய்விட்டார். நீ மதுரைக்குப் போக வேண்டாம். சிவஞானம் சொல்வதைச் சொல்லட்டும், குறைத்துச் சொன்னால் நீ கொஞ்சம் சேர்த்துச் சொல். வாயைத் திறக்கக் கூடாது என்கிற வீட்டுக்கு என் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனசே இல்லை, அவளுக்கும் இல்லை. இதை அவரிடம் சொல்லும் தைரியம்தான் இத்தனை நாளாக இரண்டு பேருக்கும் வரவில்லை. அன்றைக்கு இரண்டாம் தடவை முடிந்ததும் ஜெயமணி மேடை ஓரத்துக்கு வந்து, "அம்மா, முன்னாடி சிவஞானம் மாமா உக்காந்திருக்காரு, நிறுத்திரட்டுமா?" என்று கேட்டாள். "எந்திரிச்சு நின்னு பாடுடீ" என்று திருப்பி அனுப்பியது நான்தான்.