மீதி எட்டு எழுத்து எங்கே?

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, லென்ஸ் அத்தான் கார் வாங்கப் புறப்பட்டார். கார் அவருக்கல்ல. பணம் அவருடையதல்ல. ஓட்டப் போகிறவரும் அவரல்ல. ஆனால் அன்று அந்த வீட்டில் முதலில் குளித்தவர், முதலில் செருப்பு மாட்டியவர், வாசலில் நின்றுகொண்டு "இன்னுமா கிளம்பல?" என்று குரல் கொடுத்தவர் எல்லாம் அவர்தான்.

வாங்குகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. விற்கிறவர்களைப் பற்றி அதைவிட நிறைய. இந்த இருவருக்கும் நடுவே, கையில் டார்ச்சோடு குனிந்து நிற்கிற மூன்றாவது ஜீவன் ஒன்று உண்டு. 'கூட வருகிறவர்' என்பது அந்த இனத்தின் பெயர். எல்லா ஊரிலும் உண்டு. எல்லாக் குடும்பத்திலும் குறைந்தது ஒன்று உண்டு. அழைக்காமல் வராது. ஆனால் அழைக்காமல் விட்டுவிட்டீர்களோ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் போனை எடுக்காது. ஆகவே அழைத்துவிடுகிறோம்.

லென்ஸ் அத்தானை அழைத்தவள் அவருடைய மனைவியின் தங்கை. அழைத்தாள் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. அக்கா போனில் சொன்னாள்: "அத்தானை ஒரு வார்த்தை கேட்டுக்கடி. தனியா போனா எதையாவது உன் தலையில கட்டி அனுப்பிருவாங்க." அவ்வளவுதான், முடிந்தது.

தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எட்டு வயதில் ஒரு நாள் பள்ளி பஸ்ஸின் ஜன்னல் வழியாக, சிக்னலில் நின்ற ஒரு சிவப்புக் காரைப் பார்த்தாள். தரையோடு தரையாக, கூரையே இல்லாமல், இரண்டு பேருக்கு மட்டும் இடம் உள்ள கார். அதை ஓட்டியவர் அவளைப் பார்த்து இரண்டு விரலை உயர்த்திவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்தபின், வருகிறவர்களிடமெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, பதினான்கு வருடம் தானும் மூச்சை இழுத்துப் பிடித்துச் சேமித்தாள். அதே மாடல், ஐம்பது வயதைத் தாண்டிய வண்டி, ஓடுகிற நிலையில் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாக விளம்பரம் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான் குடிநீர் வாரியத்தில் மீட்டர் சோதனை அதிகாரி. முப்பது வருடமாகப் பிறர் வீட்டுச் சந்துகளில் குனிந்து, மீட்டர்மேல் பொறித்த எண்களை லென்ஸ் வைத்துப் படித்துப் படித்து, உலகத்தில் ஒவ்வொரு பொருளின்மேலும் ஓர் எண் இருக்கிறது, அந்த எண் பொய் சொல்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். அவர் தயவில் அந்தக் குடும்பம் பலவற்றிலிருந்து தப்பித்திருக்கிறது. ஒரு பிரிட்ஜ், அதன் பின்புறம் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. இரண்டாவது மாடியில் காற்றோட்டமான ஒரு வீடு. பத்திரத்தில் கதவு எண்ணை மட்டும் வேறு மையில் எழுதியிருந்தார்கள். அப்புறம் ஒரு பல் வைத்தியர். எக்ஸ்ரேக்காரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு அவராகவே வீடு தேடி வந்தவர். அவருடைய பள்ளிச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் பிறந்த தேதியில் இரண்டு நாள் வித்தியாசம். "எப்பப் பொறந்தோம்னே தெரியாதவன்" என்று தீர்ப்பாயிற்று. பல் வைத்தியர் இப்போது வேறொரு பெண்ணோடு, வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

காரை விற்கிறவர் ஓய்வு பெற்ற பூகோள டீச்சர். கொட்டகையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முட்டி ரெண்டும் போச்சும்மா. உள்ள இறங்கி உக்காந்துடலாம். என்னை வெளிய எடுக்கத்தான் ரெண்டு ஆள் வேணும். நிறுத்தி வச்சு அழகு பாக்குறவங்களுக்குக் குடுக்க மனசில்ல. நீ ஓட்டுவேல்ல?"

"தினமும் ஓட்டுவேன் டீச்சர்" என்றாள் எக்ஸ்ரேக்காரி. எட்டு வயதுக் குரலில் சொன்னாள்.

அவள் உள்ளே உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கின் தோல் இரண்டு இடத்தில் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அவள் கை அந்த இரண்டு இடத்துக்கும் தானாகப் போனது. சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளம்பிவிட்டது.

அத்தான் எதையும் காதில் வாங்கவில்லை. அவர் தொழிலில் இருந்தார். கூட வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விற்கிறவருக்கு வணக்கம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நெருக்கமாகிவிடும். பொருளை நேராகப் பார்க்க மாட்டார்கள், பக்கவாட்டில் பார்ப்பார்கள். பேசவும் மாட்டார்கள். 'ம்' என்பார்கள். அத்தானிடம் மூன்று 'ம்' உண்டு. ஒன்று 'பார்த்தேன்', இரண்டாவது 'நினைத்தேன்', மூன்றாவது 'இப்போது சொல்ல வேண்டாம், வீட்டில் சொல்கிறேன்'. மூன்றாவதைக் கேட்டு எத்தனையோ நல்ல பொருள்கள் வியாபாரமாகாமல் நின்றிருக்கின்றன.

பையிலிருந்து காலுறைக்குள் போட்ட காந்தம் ஒன்றை எடுத்தார். தகரத்தில் ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டியால் பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. கதவில் வைத்தார், ஒட்டியது. பானட்டில் வைத்தார், ஒட்டியது. சக்கரத்துக்கு மேலே, டிக்கியில், படுத்துக்கொண்டு வயிற்றுப்பக்கத்தில் என்று எங்கே வைத்தாலும் கெட்டியாக ஒட்டியது. ஒட்ட ஒட்ட அத்தானின் முகம் வாடியது. பாவம், அவர் நிலையையும் யோசித்துப் பாருங்கள். 'நல்லாத்தான் இருக்கு, வாங்கிக்க' என்று சொல்வதற்கு ஓர் ஆள் எதற்கு? அதை எவரும் சொல்லிவிடலாமே.

கடைசியில் பானட்டைத் திறந்து, உள்ளே சிறிய தகட்டில் பொறித்திருந்த சேஸிஸ் எண்ணை லென்ஸால் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இன்னொரு தடவை, பின்னாலிருந்து முன்னால் எண்ணினார். வாடிய முகம் மெல்ல மலர்ந்தது.

"என்ன தம்பி, பல்லையா எண்ணுறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒன்பது எழுத்துதான் இருக்கு."

"இருக்கட்டுமே."

"பதினேழு இருக்கணும். மீதி எட்டு எழுத்து எங்க?"

"எனக்குக் குடுத்தப்பவே அவ்வளவுதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் எடுத்துச் செலவழிக்கல."

இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் பதினேழு எழுத்தில் அடையாள எண் உண்டு என்று விளக்குகிற இருபது நிமிட வீடியோ ஒன்றை அத்தான் அந்த வாரம்தான் பார்த்திருந்தார். அதன் பதினெட்டாவது நிமிடத்தில் பழைய வண்டிகளைப் பற்றி ஒரு வரி வருகிறது. பதினோராவது நிமிடத்திலேயே முழுக்கப் புரிந்துவிட்டதால் அத்தான் நிறுத்திவிட்டார்.

டீச்சர் எழுந்து, நொண்டிக்கொண்டே உள்ளே போய், வண்டியை முதன்முதலில் வாங்கிய ரசீதைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாளில் அதே ஒன்பது எழுத்து. இன்ஜின் எண்ணும் அதில் இருந்தது. இன்ஜினிலும் அதுவே இருந்தது. பதிவுப் புத்தகத்திலும் அதுவே.

அத்தான் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க" என்றார். "அதான் இடிக்குது."

பார்த்தீர்களா? பொருந்தாவிட்டால் தப்பு. பொருந்தினால் சதி. இந்த இனத்திடமிருந்து எந்தப் பொருள் தப்ப முடியும்?

"என் வண்டியைத் திருட்டு வண்டிங்கிறீங்களா?" டீச்சரின் குரலில் பழைய வகுப்பறை எட்டிப் பார்த்தது.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சந்தேகம்னு ஒண்ணு இருக்கில்ல."

எக்ஸ்ரேக்காரி இருக்கையிலிருந்தபடியே கேட்டாள்: "அத்தான், அந்தக் காலத்துல நம்பரே சின்னதா இருந்திருக்கலாமில்ல?"

அந்தக் கொட்டகையில் அன்று கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அத்தான் அதை லென்ஸ்கூட இல்லாமல் ஒதுக்கினார்.

"நீ எலும்பைப் பாரு. இதை நான் பாக்குறேன்."

'வாங்கிக்கிறேன் டீச்சர்' என்ற வார்த்தை அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்வதற்கு முன் ஒரு தடவை அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அதுதான் அவள் செய்த தவறு. நுரையீரலில் புள்ளி இருப்பதாகச் சொல்ல வந்த டாக்டரைப்போல அவர் உதட்டை மடித்துத் தலையை ஆட்டினார். அவள் இன்ஜினை அணைத்தாள்.

மூன்று வாரத்தில் அத்தானே இன்னொரு வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். அதே மாடல், அதே வருடம், அதைவிடச் சிவப்பு. வெள்ளைச் சட்டை வியாபாரி ஒருவரின் விசாலமான ஷெட்டில், விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நின்றது. வியாபாரி அத்தானை ஒரு பார்வை பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், காலுறையைப் பார்த்தார். கையைக் குலுக்கிவிட்டு எக்ஸ்ரேக்காரியிடம் சொன்னார்: "சார் விஷயம் தெரிஞ்சவர்னு பாத்தாலே தெரியுது மேடம். சார் மாதிரி ஆளு வந்தா எங்களுக்கு உதறும்."

அத்தானுக்கு உச்சி குளிர்ந்தது. முப்பது வருட வாரிய சேவையில் எவரும் சொல்லாத வார்த்தை அது. அவர் போனது சோதனை செய்ய. சோதிக்கப்பட்டது என்னவோ அவர்தான்.

கதவில் காந்தத்தை வைத்தார். விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கும் விழுந்தது.

"அந்த இடத்துலல்லாம் கம்பெனிக்காரன் அலுமினியம் போட்டிருப்பான்னு சாருக்கு நான் சொல்லணுமா என்ன?" என்றார் வியாபாரி.

"தெரியும், தெரியும்" என்றார் அத்தான், காந்தத்தைப் பொறுக்கிக்கொண்டே.

அப்புறம் பானட். பளிச்சென்ற தகடு. அத்தான் எண்ணினார். நிமிர்ந்தார். கண்ணில் நீர் தளும்பாத குறை.

"பதினேழு!"

எக்ஸ்ரேக்காரி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். எந்த இடத்திலும் தேயவில்லை. ஐம்பது வருடம் இதை எவரும் பிடிக்கவே இல்லையா என்று நினைத்தாள். நினைத்ததை எலும்போடு சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவு அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் இருந்த எழுத்தர் தாள்களைப் புரட்டினாள். எண்ணைப் பார்த்தாள். அவள் எண்ணக்கூட இல்லை.

"இந்த வண்டி செஞ்ச வருஷம் இதுதானே?"

"ஆமா. நான்தான் செக் பண்ணேன்" என்றார் அத்தான், எக்ஸ்ரேக்காரியை முந்திக்கொண்டு. "பதினேழும் சரியா இருக்கு."

"அதான் சார் கேக்குறேன். இது வந்து பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தானே பதினேழு எழுத்தே வந்துச்சு? அதுக்கு முன்னாடி எட்டோ ஒன்பதோ, அவனவன் இஷ்டத்துக்குப் போட்டுக்குவான்." பொத்தான்களைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "இந்த நம்பர் இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ரொட்டி ஏத்துற வேன்ல."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எவ்வளவு நேரம்? பத்து விநாடி இருக்கும். பிறகு எக்ஸ்ரேக்காரியிடம் திரும்பிச் சொன்னார்: "பதினேழு இருக்குன்னுதான் சொன்னேன். அசல்னு சொன்னேனா?"

வண்டியை அலுவலக வளாகத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"நீங்க போங்க அத்தான். நல்லா சரிபார்த்துட்டு ஏறுங்க. நான் அடுத்ததுல வரேன்."

வியாபாரி கம்பி நீட்டிவிட்டார். பிடித்து, வழக்குப் போட்டு, பணத்தின் பெரும்பகுதி திரும்பி வருவதற்குள் ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்று. அதற்குள் குடும்பத்தில் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது. "நல்லவேளை, அத்தான் கூடப் போனார். இல்லேன்னா அது போலி நம்பர்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று அக்கா ஒரு விருந்தில் சொன்னபோது, நான்கு பேர் தலையாட்டினார்கள். அத்தான் அடக்கமாக 'ம்' என்றார். அந்த மாதமே இருவர் அவரைக் கூட அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒருவர் பியானோ வாங்க, ஒருவர் நிலம் வாங்க. பியானோவில் எத்தனை கட்டை இருக்க வேண்டும் என்று அவர் ஏற்கெனவே வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

எக்ஸ்ரேக்காரி ஒரே ஒரு முறை டீச்சரின் தெரு வழியாக நடந்தாள். ஷட்டர் இறங்கியிருந்தது. விற்றிருப்பார் என்று நினைத்தாள். மணியை அடிக்க நினைத்த கை பாதியில் நின்றது. அந்த வீட்டில் நின்று, அந்த அம்மாளைத் திருடியாக்கிவிட்டு வந்தவர் தன் அத்தான். வாயைத் திறக்காமல் காரிலிருந்து இறங்கியவள் தான். எந்த முகத்தோடு போய் நிற்பது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் சிநேகிதர் புது வீட்டுக்கு அழைத்தாரே, வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து வரவேற்றாரே, உள்ளே நுழைந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள்? சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள். விரல் முட்டியால், இரண்டு தடவை. அவர் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? எப்படிப் பார்ப்பீர்கள்? நீங்கள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே.

பதினாறு மாதம் கழித்து, ஒரு பிற்பகல், இரண்டு எக்ஸ்ரேக்களுக்கு நடுவே, எக்ஸ்ரேக்காரியின் போனில் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது:

"வண்டி இன்னும் இங்கதான் இருக்கு. உனக்கப்புறம் ஏழு பேர் வந்தாங்க. ஏழு பேருக்கும் புடிச்சுது. ஏழு பேரும் கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. நீ தனியா வா."