மாப்பிள்ளை விசாரணையும் மெஹ்ரோலிச் சரிவும்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி,
9-6-1981

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பாலசுப்ரமணியம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லீலாவதியும் மகள் சுந்தரவல்லியும் நலம். 'நலம்' என்பதை என் இடது முழங்கால் நீங்கலாகப் பொருள்கொள்ள வேண்டுகிறேன். அங்கு தாங்களும் அக்காளும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரம் தங்களது சென்ற கடிதம்.

அக்கடிதத்தில் தாங்கள் கேட்டிருந்தது ஒன்றே. தில்லியிலேயே என்ஜினீயராக இருக்கும் மகாதேவன் என்ற வரனை நம் வல்லிக்குப் பார்க்கலாமா, கூடாதா? ஆடி பிறப்பதற்குள், இதே ஊரில் இருக்கும் பையனின் தகப்பனார் நல்லசிவம் பிள்ளை அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜாதகம் பொருந்திவிட்டது. வல்லியும், "நீங்க நல்லா விசாரிங்கப்பா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரி என் உறக்கத்தைக் கெடுத்தது: பையனுக்குச் சைக்கிள் என்றால் உயிர், ஞாயிறுதோறும் ஒரு கோஷ்டியோடு மலை, காடு என்று கிளம்பிவிடுகிறான். மலையிலிருந்து சைக்கிளில் உருள்பவனுக்கு எந்த நம்பிக்கையில் பெண்ணைக் கொடுப்பது? மத்திய அரசின் சட்ட ஆலோசகனாகிய நான் பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாக ஏற்பவன் அல்லன் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே நேரில் சென்று, இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல், வரனை அவரது இயல்பான நிலையில் பார்ப்பதென்றும், பார்த்தபின் கண்ணியமாக மறுத்துவிடுவதென்றும் தீர்மானித்தேன்.

கோஷ்டி, தில்லியின் தெற்கு ஓரமான மெஹ்ரோலியில், விடியும்போது கூடுகிறது. சென்ற ஞாயிறன்று, நான் ஆபீசுக்குப் போகும் கறுப்புச் சைக்கிளில், பேண்ட் கால்களுக்குக் கிளிப் மாட்டி, முன்னெச்சரிக்கையாகக் குடையும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "காடு பார்க்க வந்தேன்" என்றேன். அது பொய்யன்று. பஞ்சாபிப் பையன்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் தமிழ் முகங்கள் இரண்டே. இருவருக்கும் கண்ணாடி. ஒருவர் சிவப்புச் சட்டை. சைக்கிள் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, ஒரு கையில் டீ கிளாசுடன் டீக்கடையையே வட்டமடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஒல்லி, ஒவ்வொருவர் சைக்கிளின் பிரேக்கையும் குனிந்து பார்த்து, டயரை அமுக்கி, தன் பையிலிருந்த அயோடின் பாட்டிலின் மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் என்றால் உயிர் என்பது இவ்விருவரில் யாருக்குப் பொருந்தும் என்று சிறு குழந்தையும் சொல்லும். பெயரைக் கேட்டுவிட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். "நீர்தானே மகாதேவன்?" என்பது பதிலைச் சாட்சியின் வாயில் திணிக்கும் கேள்வி, எந்த நீதிமன்றமும் அனுமதிக்காது. ஆகவே கேட்கவில்லை. சிவப்புச் சட்டையே வரன் எனச் சூழ்நிலைச் சான்றுகளால் நிறுவிக்கொண்டு அவர் பின்னால் மிதித்தேன்.

தார்ச் சாலை முடிந்ததும் சிவப்புச் சரளை ஆரம்பம். சக்கரத்துக்கு அடியில் உளுந்தைக் கொட்டி வைத்தாற்போல் உருளுகிறது. இரு புறமும் நம்மூர்ப் பக்கத்து உடைமரம்தான். இங்கே கீக்கர் என்கிறார்கள், முள் மட்டும் அதே முள். ஒரு கிளை என் குடையைப் பறித்துக்கொண்டது. அதை மீட்கத் திரும்பியபோது ஒரு மயில் குறுக்கே ஓட, மயிலுக்கு வழிவிட்டு நான் பள்ளத்தில் இறங்க, பள்ளத்தில் படுத்திருந்த நீல்காய் என்கிற பெரிய காட்டு மான் ஒன்று எழுந்து நின்று, குதிரையா மாடா என்று நான் முடிவுக்கு வருமுன் என்னைப் பார்த்துத் தும்மிவிட்டுப் போயிற்று. சிவப்புச் சட்டையோ, "சார், சூப்பர் சார்! வாங்க, வாங்க!" என்று கத்திக்கொண்டே ஏறுகிறார். மூச்சு வாங்க நானும் ஏறினேன். உச்சியில் நின்று பார்த்தால், முந்தின நாள் பெய்த மழையில் குளித்த குன்றின் சரிவு முழுதும் இறங்கி இறங்கிப் போய், அடிவாரத்தில் யாரோ ஒரு பணக்காரரின் திராட்சைத் தோட்டத்தில், பச்சைப் பந்தலில் போய் முடிகிறது.

ஒல்லிப் பையன் அங்கே சைக்கிளை விட்டு இறங்கினார். "ஐயா, இதுல எறங்கி நடந்துருவோமா? கொஞ்ச நேரந்தான் கூட ஆகும்" என்றார். இந்த வயதில் இறங்கி நடப்பவன் என் வயதில் தவழ்வானோ என்று எண்ணினேன். இவனுக்கும் எவனோ ஒரு அப்பாவி தன் பெண்ணைக் கொடுக்கத்தான் போகிறான் என்று அந்த முகம் தெரியாத தகப்பனுக்காக இரங்கவும் செய்தேன். சிவப்புச் சட்டை என் காதருகில் வந்து, "பிரேக்கைத் தொடாதீங்க சார். தொட்டா விழுவீங்க. விட்டா பறப்பீங்க" என்றார்.

விட்டேன்.

அத்தான், என்னத்தச் சொல்லுவேன்! பூமி அப்படியே காலுக்குக் கீழே வழுக்கிக்கிட்டுப் போவுது, சரளைக்கல்லு ரெண்டு பக்கமும் பொரி மாதிரி பொரியுது, மட்கார்டு கடகடங்குது, மணி தன்னால அடிக்கி, காத்து சட்டைக்குள்ள பூந்து முதுகுல பலூன் கட்டினாப்ல தூக்குது, நான் "ஹோ"ன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, அது என் சத்தம்னே எனக்குத் தெரியல! சட்டப் புத்தகமாப் படிச்சுக் கூனிப்போன இந்த முதுகு நிமிந்து நின்னுது அத்தான்! அப்பந்தான் பிரேக்குன்னு ஒண்ணு இருக்கது ஞாபகம் வந்துது. பிடிச்சேன். கம்பி கையோட வந்துட்டு. வேலியில ஒரு சந்து, சந்துக்குள்ள நான், எனக்கு மேல பந்தல், பந்தலுக்கு மேல வானம், அப்புறம் வானமும் இல்ல, திராட்சைதான்.

தோட்டத்துக் காவல்காரர் தடியோடு, "அரே, அங்கூர் சோர்!" என்று, திராட்சைத் திருடனைக் கண்டவராக ஓடிவந்தார். அத்துமீறி நுழைதல் என்ற குற்றத்துக்கு உட்கருத்து இன்றியமையாதது என்பதைக் கொடிக்குள் படுத்தவாறே அவருக்கு இந்தியில் விளக்கினேன்: "இராதா நஹீ தா, பையா! பிரேக் நஹீ தா!" அதாவது, உள்நோக்கம் இல்லை, பிரேக்கும் இல்லை. அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அச்சா பாபுஜி, சீக்கிரம் வெளியே போயிருங்க, முதலாளி வந்துருவார்" என்று அவர் பாஷையில் சொல்லி, ஒரு குலையையும் அறுத்துக் கையில் கொடுத்தார். அதற்குள் ஒல்லிப் பையன் நடந்தே வந்து சேர்ந்து, என் முழங்காலைக் கழுவி, அயோடின் போட்டு, கைக்குட்டையால் வெகு நேர்த்தியாகக் கட்டினார். கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது, பெயர் என்ன, வீடு எங்கே என்று நேரடியாகவே கேட்டார். வலியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்டதும் அயோடின் பாட்டில் அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. பலவீனமான பிள்ளை போலும். "ஐயா, இனிமேலாவது நடந்து வாங்க" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கையிலேயே, நான் சிவப்புச் சட்டையின் சைக்கிளை இரவல் வாங்கி, குன்றின் மேல் ஏறி, இன்னொரு முறை இறங்கினேன்.

எனவே, கண்டவற்றையெல்லாம் சீர்தூக்கி, விருப்பு வெறுப்பின்றி நான் தரும் கருத்துரை: வரன் மகாதேவன் சிங்கம். மறுக்க வேண்டும் என்று போன நான் மறுக்கத் தக்க காரணம் எதையும் காணவில்லை. "கட்டிக்கிடப்போறது வல்லியா, நீங்களா?" என்று லீலாவதி கேட்கிறாள், அக்கேள்வி இவ்வழக்குக்குத் தொடர்பற்றது. நல்லசிவம் பிள்ளை அவர்களுக்குச் சம்மதம் என்று உடனே எழுதிவிடவும்.

அக்காளுக்கு என் வணக்கம். வீட்டில் சிறியவர்கள் அனைவருக்கும் ஆசிகள். பெரியவர்களாகிய தங்கள் ஆசியால் என் முழங்கால் விரைவில் மடங்கும் என்ற நம்பிக்கையுடன்,

தங்கள் அன்புள்ள
பாலசுப்ரமணியம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயம் நல்லசிவம் பிள்ளை அவர்களே டெலிபோன் செய்தார். சிவப்புச் சட்டைக்காரர் பெயர் ஜோதிலிங்கம். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். என் முழங்காலுக்குக் கட்டுப் போட்டவர்தான் மகாதேவன். "பொண்ணு வீட்டுல எல்லாம் சரிதான், ஆனா தகப்பனாருக்குக் கொஞ்சங்கூட நிதானம் கெடையாது போலிருக்கே, அந்தச் சுபாவம் பொண்ணுக்கும் இருக்குமோன்னு பையன் யோசிக்கான்" என்கிறார். வல்லியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் வெகுநேரம் சிரித்துவிட்டு, கைக்குட்டையின் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எறங்கி நடந்தவருதான் வேணும். விழுகதுக்குத்தான் வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கே" என்கிறாள். ஆகவே அத்தான், மேலே கண்ட கருத்துரை முழுவதும் ரத்து. தாங்கள் உடனே நல்லசிவம் பிள்ளை அவர்களுக்கு ஒரு தந்தி கொடுத்து, என் மைத்துனன் படியிறங்கும்போதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குபவன், பிறந்தது முதல் நிதானமானவன் என்று சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் கையில் சிக்காதபடி இக்கடிதத்தைக் கிழித்துவிடவும். சரிவில் இறங்கிய பத்தியை மட்டும் கத்தரித்து எனக்குத் திருப்பி அனுப்பவும்.